சைக்கிள் கொடுத்தாச்சு... பாதை எங்கே?

மாலை நாலரை மணிவாக்கில் விழுப்புரம் நான்குமுனை சந்திப்புப் பக்கம் போனால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மூன்று மூன்று சைக்கிளாக வரிசைகட்டி வருவார்கள். நடுவில் வருகிறவள் கதை சொல்வாள். இரண்டு பக்கமும் வருகிறவர்கள் ஹேண்டில்பாரைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்து, ஷேர் ஆட்டோ அந்த இடைவெளியில் புகுந்து, டிராஃபிக் போலீஸ் கையைக் காட்டி, எல்லாமே மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்.

பார்க்க பதற்றமாக இருக்கும். ஆனால் உண்மையான ஆபத்து அங்கே குறைவு. நெரிசலே அங்கே பிரேக். திண்டிவனம் நேரு வீதியிலும் இதே கதைதான். உரசல், திட்டு, கால்மேல் ஏறிய டயர் என்று நாளுக்கு நாலு தகராறு நடக்கும். உயிர் போவது அரிது.

கதை மாறுவது ஊர் எல்லையில். அதே மாணவி ஊரைத் தாண்டி, சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் நெரிசல் முடிந்து வேகம் ஆரம்பிக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், ஜானகிபுரம் எல்லாம் இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு வெறும் பெயர்ப் பலகைகள். அங்கே இருப்பவர்களுக்கோ வீடு ஒரு பக்கம், பள்ளி இன்னொரு பக்கம், ரேஷன் கடை வேறு பக்கம். நடுவில் நான்கு வழிச்சாலை. கூட்டேரிப்பட்டில் மயிலம் முருகனைப் பார்க்கத் திரும்புகிறவர்களும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு சாப்பாட்டுக் கூடையோடு வருகிறவர்களும் இதே சாலையோரத்தில்தான் நடக்கிறார்கள்.

‘இலவச பஸ் இருக்கே, சைக்கிள் எதுக்கு?’ என்று சென்னையில் இருப்பவர்கள் கேட்பார்கள். டவுன் பஸ் வராத நேரம்தான் கிராமத்தில் அதிகம். காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அந்த மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் சைக்கிள்தான் வழி.

அந்த சைக்கிள் எங்கிருந்து வந்தது என்பதும் நமக்குத் தெரியும். அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02 கல்வியாண்டில் பட்டியலின, பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06-லிருந்து அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்தது. ஆட்சிகள் மாறியும் நிற்காத திட்டங்களில் ஒன்று. பத்தாவதோடு பெண்ணை நிறுத்தும் வீடுகளில், ‘பள்ளிக்கூடம் தூரம்’ என்ற காரணத்தை ஒரே அடியில் காலி செய்தது அந்த சைக்கிள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமே வராது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கும் மாநிலத்தில், அதை ஓட்ட எத்தனை கிலோமீட்டர் பாதை போட்டோம்? சைக்கிள் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலை காங்கிரஸ் வழிகாட்டு நெறி வெளியிட்டது 1962-ல். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் கிடைத்திருப்பது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒன்றரை மீட்டர் ஓரம். அதிலும் பஞ்சர் லாரி, இளநீர்க் கடை, கழிவு மண். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் உளுந்துச் செடியும் மல்லாட்டையும் காயும். நெல் குவியலைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். விவசாயிக்குக் களம் இல்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு குவியலும் சைக்கிளை ரோட்டின் நடுவே தள்ளுகிறது.

கணக்கைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. சைக்கிளில் போனவர்கள் 4,836. இரண்டையும் கூட்டி 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 103 பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு: 64,105. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884.

இந்த 103 பேரும் யாரையும் இடித்துக் கொல்லக்கூடிய வண்டியில் போகவில்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நொடிக் கணக்கு

நான்கு வழிச்சாலையில் ஒரு பக்கத்து ரோடு மட்டும் 7 மீட்டர் அகலம். ஓரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். மூட்டுவலி உள்ள ஒரு பாட்டி நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பார் என்று வைத்தால் சென்டர் மீடியனை அடைய எட்டு நொடியாவது வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். எட்டு நொடியில் 176 மீட்டர். அதாவது பாட்டி ரோட்டில் காலை வைக்கும்போது, அந்தக் கார் நூற்றைம்பது மீட்டருக்கும் அப்பால், ‘தூரமாத்தானே வருது’ என்கிற இடத்தில் இருக்கும். பாட்டி பார்க்காமல் இறங்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். நேரே நம்மை நோக்கி வரும் வண்டியின் வேகத்தை மனிதக் கண் சரியாக எடைபோடாது. இரவில் இரண்டு ஹெட்லைட் புள்ளிகளை மட்டும் வைத்து வேகத்தைச் சொல்வது இன்னும் கஷ்டம்.

டிரைவர் பக்கம் இருந்து பாருங்கள். 80-ல் போகும் கார், ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க கிட்டத்தட்ட 70 மீட்டர் எடுக்கும். டிம் லைட்டில் தெரியும் தூரம் அதைவிடக் குறைவு. ஆக, இரவில் 80-ல் போகிறவர் ஆளைப் பார்க்கும்போதே, நிறுத்த முடிகிற இடத்தைத் தாண்டிவிட்டார். 30-ல் போனால் அதே கார் 20 மீட்டருக்குள் நின்றுவிடும்.

50 கிலோமீட்டர் வேகம் 65 ஆகும்போது, காரின் முன்பக்கம் மோதி நடந்து போகிறவர் இறக்கும் ஆபத்து நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் 15 கிலோமீட்டர் வித்தியாசம். அதனால்தான் நடப்பவரும் சைக்கிளும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30-க்கு மேல் வேண்டாம் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னது. நம் ஊர் நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் ‘பள்ளி - மெதுவாகச் செல்லவும்’ பலகை இருக்கிறது. மெதுவாக என்றால் எவ்வளவு? ஓட்டுகிறவர் 100-லிருந்து 80-க்கு இறங்கிவிட்டு, மெதுவாகப் போனதாகத்தான் நினைத்துக்கொள்வார்.

நடப்பவர் வலது, மிதிப்பவர் இடது

இது பலருக்கு இன்னும் குழப்பம். இரண்டையும் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்கொண்டு நடக்க வேண்டும். காரணம் எளிது. நம் பக்கத்து ஓரத்தை ஒட்டி வரும் வண்டி கண்ணுக்கு நேரே தெரியும். டிரைவர் தூங்குகிறார், போன் பார்க்கிறார், லாரி வெள்ளைக் கோட்டைத் தாண்டுகிறது என்றால் சட்டென்று மண்ணில் இறங்கிவிடலாம். இடது ஓரம் நடந்தால் எல்லாம் முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

சைக்கிளுக்கு இது பொருந்தாது. சைக்கிள் இடது ஓரம்தான், வண்டிகள் போகும் திசையில்தான். 60-ல் வரும் பஸ்ஸை எதிர்த்து 15-ல் சைக்கிள் போனால் இருவரும் நெருங்கும் வேகம் 75. அதே திசையில் போனால் 45. நடப்பவர்போல சைக்கிள்காரர் சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கவும் முடியாது. இன்னொன்று, கிளைச்சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பி ஏறும் வண்டிக்காரர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார். தவறான திசையில் வரும் சைக்கிள் அவர் கணக்கிலேயே இல்லை.

எதிர்த்திசையில் ஏன் போகிறார்கள்? திமிர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நெடுஞ்சாலையில் சென்டர் மீடியன் திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிரே தெரியும் கிராமத்துக்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பைக்குக்கு அது மூன்று நிமிஷம். புத்தகப் பையோடு எதிர்க்காற்றில் மிதிக்கிறவளுக்குப் பத்து நிமிஷம். சாலையை வரைந்தவர் பெட்ரோலில் கணக்குப் போட்டார், அவள் காலில் கணக்குப் போடுகிறாள். அதனால் சர்வீஸ் ரோட்டிலேயே எதிர்த்திசையில் வருகிறாள். அங்கே எதிரே பைக், ஓரத்தில் நிறுத்திய லாரி, நடுவே தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் பெண்கள். அபராதம் மட்டும் இதைத் தீர்க்காது. திறப்பு எங்கே வேண்டும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் பாதி தீர்ந்திருக்கும்.

இடது ஓரம் மிதிக்கிறவருக்கு ஒரே குறை, பின்னால் வருவது தெரியாது. அதனால் பின்னால் வருகிறவருக்கு இவர் தெரிந்தாக வேண்டும். புது சைக்கிளில் பின்னால், பெடலில், சக்கரத்தில் ரிஃப்ளெக்டர் இருக்கும். முதல் மழையில் ஒன்று விழும், ஸ்டாண்டில் இடித்து இன்னொன்று உடையும். மூன்றாம் மாதம் எதுவும் மிஞ்சாது. ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் ஒளிரும் டேப்பை மட்கார்டிலும் புத்தகப் பையின் பின்பக்கத்திலும் ஒட்ட ஐந்து நிமிஷம் போதும். வீட்டில் அப்பாவோ அண்ணனோ இன்றைக்கு ராத்திரியே செய்யக்கூடிய வேலை. ஒட்டிவிட்டு விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வாண்டுகளுக்கும் பிடிக்கும்.

கரும்பு சீசனில் இந்தப் பக்கத்து ராத்திரியே வேறு. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களின் டிரெய்லர் விளக்கு, இருந்தாலும் தொங்கும் கரும்புத் தோகைக்குள் மறைந்துவிடும். கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கும். தாண்ட நினைக்கும் கார் வலதுபக்கம் விலகும்போது, டிராக்டருக்கு முன்னால் போகும் சைக்கிள் அதன் கண்ணிலேயே படாது. அந்த மாதங்களில் இருட்டியபிறகு பிள்ளைகளைத் தனியாக மெயின் ரோட்டில் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

பாதயாத்திரைக்கும் இதே கணக்குதான். மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூர் நோக்கி செவ்வாடை பக்தர்கள் சாரி சாரியாக நடக்கிறார்கள். வெயிலுக்கு பயந்து விடியற்காலை நாலு மணிக்கே கிளம்புவார்கள். பகலில் பளிச்சென்று இருக்கும் சிவப்பு, இருட்டில் கறுப்புக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதிலும் இடது ஓரம், முதுகைக் காட்டிக்கொண்டு. குழுவில் முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளிரும் பட்டை போட்டுக்கொண்டு, எல்லாரும் ஒற்றை வரிசையில், வலது ஓரம் நடந்தாலே பெரிய வித்தியாசம்.

பெல் அடிக்கும் மரியாதை

இதுவரை பெரிய வண்டிகளைப் பற்றிப் பேசினோம். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் நடுவே தகராறே இல்லையா? உண்டு.

2023 நவம்பர் 4-ம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எல்லா மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதையை அரசு அறிவித்துத் தொடங்கியது. அதற்கு முன்பே நம் ஊர்களில் காலை நடைக்கூட்டம் பெருகிவிட்டது. விழுப்புரத்தில் மாவட்டப் பெருந்திட்ட வளாகம் பக்கம், திண்டிவனத்தில் கல்லூரி மைதானம் பக்கம் என்று சுகர்காரர்களும் ரிட்டயர்டு ஆசிரியர்களும் போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர்களும் ஒரே பாதையில் வருகிறார்கள். அங்கேயே கியர் சைக்கிளில் ரவுண்டு அடிக்கும் பிள்ளைகளும் உண்டு. நாலு பேர் கைகோத்து நடந்தால் சைக்கிளுக்கு வழியில்லை. சைக்கிள் உரசிக்கொண்டு போனால் எழுபது வயசுக்காரருக்கு இடுப்பு எலும்பு மிஞ்சாது.

இங்கே விதி ஒன்றுதான்: வேகமானவர் மெதுவானவருக்கு வழிவிட வேண்டும். லாரி சைக்கிளிடம் காட்ட வேண்டிய பொறுமையை, சைக்கிள் நடப்பவரிடம் காட்ட வேண்டும். பெல்லை முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் பெரியவர் பதறி, நாம் போக நினைத்த பக்கமே நகர்வார். பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே அடித்து, திரும்பிப் பார்க்க நேரம் கொடுத்து, நடை வேகத்துக்கு இறங்கி வலதுபுறமாகத் தாண்ட வேண்டும். சிலருக்குக் காது கேட்காது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். குழந்தை கையில் பந்து இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள்.

நடப்பவர்களும் கொஞ்சம் உதவலாம். ஓரமாக, இரண்டு பேருக்கு மேல் சேராமல், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு. நாயைக் கூட்டிவருகிறவர்கள் கயிற்றை நீளமாக விட்டு, பாதைக்குக் குறுக்கே கோடு கட்டாதீர்கள்.

இப்போது புது விருந்தாளி வேறு: பேட்டரி ஸ்கூட்டர். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். எட்டாவது படிக்கிறவன்கூட எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். சைக்கிளைவிட எடை அதிகம், சத்தம் கிடையாது. நடைபாதையில் இது வரக் கூடாது என்பதை வாங்கிக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தாத்தா, பாட்டிகளிடம் கேளுங்கள். சைக்கிளுக்கு நகராட்சியில் வரி கட்டி வில்லை வாங்கிய காலம் இருந்தது. இருட்டியபின் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். டைனமோ வாங்கக் காசில்லாமல் மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டு ஓட்டியவர்கள் உண்டு. ரோட்டில் மோட்டார் வண்டி எண்ணிப் பார்க்கும் அளவுக்கு இருந்த நாளில் சைக்கிளுக்கு விளக்கு கட்டாயமாக இருந்தது. லாரி வெள்ளம் ஓடும் நாளில் யாரும் கேட்பதில்லை! டபுள்ஸைப் பிடித்ததெல்லாம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த விளக்கு விஷயத்தில் பழைய போலீஸ்காரர் பக்கம்தான் நான்.

பழநிக்கு முடிந்தது

ஊருக்குள் நடைபாதை என்ற ஒன்று இருக்கிறது, காகிதத்தில். வாய்க்கால் மேல் மூடிய சிலாப்தான் நம் நடைபாதை. ஒரு சிலாப் தூக்கி நிற்கும், ஒன்று உள்வாங்கியிருக்கும், ஒன்று இருக்கவே இருக்காது. கடைப்படி, ஜெனரேட்டர், பேனர் கம்பம், வாடிக்கையாளர்களின் பைக் வரிசை. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது சாலை காங்கிரஸ் நெறி. நம் ஊரில் பல இடங்களில் அதில் ஏற ஏணி வேண்டும்.

ஆக்கிரமிப்பு அகற்றம் என்றாலே முதலில் தூக்கப்படுவது பூக்கூடைதான். பூ விற்கும் அக்கா அடைக்கும் இடம் நாலு அடி. பத்து பைக் நின்றால் அடைபடும் இடம் இருபது அடிக்கு மேல். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நிறுத்திவைத்த பைக்குக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. ஆனாலும் பைக்கைத்தான் யாரும் தொடுவதில்லை.

நடப்பது உரிமை என்று சட்டம் இப்போது தெளிவாகவே சொல்கிறது. அதற்கு வழி திறந்தது நம் ஊர் டாக்டர்தான். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், தினமும் ஆபரேஷன் டேபிளுக்கு வந்துகொண்டே இருந்த விபத்துகளைப் பார்த்து 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. 2025 அக்டோபர் 7-ம் தேதி, நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்றும், 50 நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தணிக்கை பெரிய நகரங்களுக்கு. விதிகள் எல்லா ஊருக்கும். அதாவது நமக்கும்.

‘நெடுஞ்சாலையோரம் தனிப் பாதையா, நடக்கிற கதையா?’ என்று கேட்பவர்கள் திண்டுக்கல் - பழநி சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பாதயாத்திரை பக்தர்களுக்காக ரோட்டோரம் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு பக்தர்கள் பையில் போலீஸே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறது. மரத்தடியில் மோர், கால் வலிக்கு மருத்துவ முகாம். தமிழ்நாட்டில், நம் நெடுஞ்சாலையோரத்தில், நம் அதிகாரிகளே செய்த வேலை. வருஷத்தில் சில வாரம் நடக்கும் பக்தருக்குச் செய்ய முடிந்ததை, வருஷத்தில் 200 நாளுக்கு மேல் சைக்கிள் மிதிக்கும் மாணவிக்குச் செய்ய முடியாதா? முழு 40 கிலோமீட்டருக்கும் கேட்கவில்லை. நெடுஞ்சாலையோரப் பள்ளி ஒவ்வொன்றின் இரு பக்கமும் இரண்டு கிலோமீட்டர் போதும்.

சைக்கிள் சொர்க்கம் என்று நாம் இன்ஸ்டாகிராமில் பார்க்கும் நெதர்லாந்துகூட அப்படியே பிறந்த ஊர் இல்லை. அங்கே 1971-ல் மட்டும் சாலையில் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து என்பதையே இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். அதன்பிறகுதான் அந்தப் பாதைகள் எல்லாம்.

பாதை என்றதும் சுரங்கப்பாதையையும் சொல்லியாக வேண்டும். ரயில் தண்டவாளத்தைக் கடக்க விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் இருப்பது போன்ற சுரங்கப்பாதைகள் நல்ல மழைக்குக் குளமாகிவிடுகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை இந்த மாவட்டம் மறக்காது. அப்படிப்பட்ட நாளில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்காதீர்கள். திறந்து கிடக்கும் சாக்கடை வாய் எங்கே என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது.

அடிபட்டால்...

சொல்ல மனமில்லாத பகுதி. ஆனால் இந்த வாரம் இதைத்தான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பி வைக்க வேண்டும்.

முதலில் 108. அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவு, உதவி செய்தவர்மீது வழக்கு போடக் கூடாது என்கிறது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது.

அடுத்து சிகிச்சைச் செலவு. ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது நம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ‘முதலில் பணம் கட்டுங்கள்’ என்றால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, இழப்பீடு. ‘சைக்கிளுக்குத்தான் இன்ஷூரன்ஸே இல்லையே’ என்று பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. உங்களுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டியதில்லை. இடித்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இழப்பீடு அதிலிருந்துதான் வரும். மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். எஃப்.ஐ.ஆர்., சிகிச்சைச் சீட்டு, படிக்கிற பிள்ளையானால் பள்ளிச் சான்று, கூலி வேலை என்றால் வருமானத்துக்கான ஏதாவது ஒரு ஆதாரம், எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரமாக வையுங்கள். இலவச சட்ட உதவிக்கு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பார்க்கலாம்.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான், வண்டி நம்பரே தெரியாது என்றால்? அதற்கும் வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் திட்டப்படி, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். முன்பு இது 25,000, 12,500-தான். விண்ணப்பம் வருவாய்த் துறை அதிகாரியிடம், அதாவது கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் கேட்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலேயே யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

தேசிய நெடுஞ்சாலையில் பள்ளம், விளக்கு எரியவில்லை, தடுப்பு உடைந்திருக்கிறது என்றால் 1033-க்கு போன் செய்யலாம். நிரந்தரத் தீர்வு என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் கலெக்டர்தான். கிராமம் என்றால் ஆண்டுக்கு ஆறு கிராமசபை. குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. அங்கே தீர்மானமாகப் பதிவு செய்தால் மனுவுக்கு எடை கூடும்.

மனுவில் ‘விபத்து அதிகம், நடவடிக்கை வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று மட்டும் பதில் வரும். எந்த கிலோமீட்டர் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவே, எத்தனை மாணவர்கள், எத்தனை மணிக்குக் கடக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து எண்ணினால் போதும். பிளஸ் ஒன் மாணவர்களே செய்துவிடுவார்கள், என்.எஸ்.எஸ். வேலையாகவும் ஆயிற்று. கேட்பதையும் குறிப்பாகக் கேளுங்கள்: பள்ளி நேரத்தில் போலீஸ், வேகத்தடையோடு கடக்கும் கோடு, உயர்கோபுர விளக்கு, சர்வீஸ் ரோட்டில் லாரி நிறுத்தத் தடை, அதன் ஒரு ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் கல் பதித்துப் பிரித்த பாதை. மேம்பாலம் என்று மட்டும் கேட்டால் அது கட்டி முடிவதற்குள் இந்தப் பிள்ளைகள் கல்லூரியே முடித்துவிடுவார்கள்.

மனுவோடு போட்டோவும் வையுங்கள், தேதி, நேரம் தெரிகிற மாதிரி. போட்டோ எடுக்கும்போது மட்டும் ரோட்டில் இறங்கி நிற்காதீர்கள்.